பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பித்தல்

யானைக்கவுனி என்னும் பெயரைச் சென்னை மக்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். கவுனி என்றால் வாயில். 18-ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரைச் சூழ்ந்து எழுந்த மதிலின் வாயில்களுள் அதுவும் ஒன்று. வாயில் மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. பேணாத பொருள்களின் கதி இதுதான். வடசென்னையில் உருப்பெற்ற மற்றொரு பொருளைப் பேணும் முறையைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1948-இல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1949 முதல் எண்ணூரில், இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 கார்களின் உறுப்புகள் ஒன்றுசேர்த்துப் பூட்டப்பெற்றன. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறி, லாரி, பஸ் ஆகியவற்றில் கருத்தைச் செலுத்தலாயிற்று. அக்காலக் கார் ஒன்றை நண்பர் இருவர் வீட்டுக் கொட்டகையிலேயே செப்பனிட முனைகிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் அறிய வேண்டுவன யாவை?

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கூடும் சட்டமும் ஒன்றே. ஏ-40 அத்தகையதன்று. அடியில் 'சாஸி' எனப்படும் எஃகுச் சட்டம் எஞ்சினையும் அச்சுகளையும் தாங்குகிறது. தகட்டாலான மேற்கூடு அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டையும் பிரித்துச் செப்பனிடலாம்.

இவற்றின் பகை துரு. இரும்பும் நீரும் பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிதில் செல்வதால் அவ்வினை விரைவுபெறும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீசும் கடற்காற்று இரும்பை அரிப்பது இதனால்தான். துரு பொருக்குப் பொருக்காக உதிர்வதால், உள்ளிருக்கும் இரும்புக்கு அது காப்பாக நிற்பதில்லை.

முதல் வேலை, பேட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும் அகற்றுவது. நெருப்புப்பொறி பறக்கும் இடத்தில் பெட்ரோலின் ஆவி எமனாகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். கூட்டைத் தூக்குமுன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பிணைத்தல் வேண்டும். இன்றேல் கூடு வளைந்து, பின்னர்க் கதவுகள் பொருந்தா.

அடுத்து, நீங்கள் வகுப்பில் கற்ற வடிவகணிதம் கைகொடுக்கும். சட்டத்தின் இருபுறமும் ஒத்த இடங்களில் உள்ள துளைகளைக் குறுக்காக அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமானால் சட்டம் கோணவில்லை. சமதரையில் நான்கு மூலைகளின் உயரத்தையும் ஒப்பிட்டால் முறுக்கமும் புலப்படும். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கவே ஒரு நண்பர் தேவை!

பிறகு சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுக. கணீரென்று ஒலித்தால் நல்ல இரும்பு. மந்தமாக ஒலித்தால் ஐயுறுக. அரித்த பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வெல்டிங் செய்து இணைத்தல் வேண்டும். சட்டத்தில் இவ்வேலையைத் தேர்ந்தவரிடமே விடுதல் அறிவுடைமை. சிறு நசுங்கலைத் தட்டி நிமிர்த்தியபின் மெல்லிய பட்டி பூசுவதில் தவறில்லை. ஆனால் ஓட்டையைப் பட்டியால் அடைத்து வண்ணம் தீட்டுவது ஏமாற்று. பார்வைக்கு அது பளபளக்கும். வேகத்தில் சட்டம் முறிந்தால் உள்ளிருப்போர் உயிருக்கு யார் பொறுப்பு? "போதும், யாருக்குத் தெரியும்?" என்று ஒருவர் சொல்லும்போது, "நமக்குத் தெரியுமே" என்று சொல்பவரே உண்மை நண்பர்.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும். பின்னர்த் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் வண்ணம். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை அடைத்துவிடலாகாது.

2021-இல் வந்த மத்திய அரசின் விதி, ஐம்பது ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய இடமளிக்கிறது. சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவை மூல வடிவம் மாறாதிருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. மாற்றுவது எளிது, உள்ளதை உள்ளபடி காப்பதே அரிது. அவ்வாறு காத்தால்தான், எண்ணூரில் பூட்டிய ஒரு வண்டி பெயரளவில் நில்லாமல், வருங்கால மாணவர் தொட்டுப் பார்க்கும் பொருளாகவும் நிற்கும்.