கிளினிக்குக்கு ஒரு பத்திரம், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பணப்பெட்டி

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடி போன்ற ஊரில் தனியார் கிளினிக், இரத்தம் பார்க்கும் லேப், பாமசி, டியூசன் வகுப்பு நான்கும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். பட்டிருப்புப் பாலம் கடந்து, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வரும் குடும்பம் ஒரே மாலையில் நான்கு இடத்திலும் காசு கொடுத்துவிட்டுத் திரும்பலாம். சட்டத்துக்கு மட்டும் இந்த நான்கும் மூன்று விதம். கிளினிக்கும் லேபும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்துக்குள் வருகின்றன. பாமசிக்கு 2015இல் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை நெருக்கி இருத்தும் டியூசன் வகுப்பைப் பதிவு செய்யச் சொல்லும் தேசியச் சட்டம் எதுவும் இல்லை.

2006இன் சட்டம் வலை விரித்துத்தான் பிடிக்கிறது. தனியார் வைத்தியசாலை முதல் பல் வைத்தியரின் அறை வரை எல்லாமே பதிவு செய்யப்பட வேண்டும்; பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் வழியாகக் கொழும்புக்குப் போகும். அரச வைத்தியசாலைகளும், 1961இன் ஆயுர்வேதச் சட்டத்தில் பதிந்த இடங்களும் இதற்குள் வரமாட்டா. ஆகவே ஊரின் சித்த வைத்தியருக்கு வேறு புத்தகம்.

சிக்கல் பதிவுப் பத்திரம் தொங்கும் சுவரில் இல்லை. கடமை நேரம் முடிந்தபின் தனியாக வைத்தியம் பார்க்க அரச வைத்தியர்களுக்கு இங்கே அனுமதி உண்டு. காலையில் அரச வைத்தியசாலையில் நோயாளி பார்த்தவர் மாலையில் கிளினிக்கில் இருப்பார். அந்தக் கிளினிக்கைப் பார்க்க வர வேண்டியவரும் அதே சுகாதாரத் திணைக்களத்துக்காரர். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் சோதனைக்கு வந்தவர் என்ன கண்டார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாவிட்டால், நோயாளிக்கு அந்தப் பத்திரம் ஒரு கண்ணாடிச் சட்டகம் மட்டுமே. லேபின் சீனி அளவு சரியா, அந்த இயந்திரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் சிக்கலானது. களுவாஞ்சிக்குடியிலுள்ள பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம் தேசிய பாடசாலை. அதற்கான பணம் மத்திய கல்வி அமைச்சிலிருந்து நேரே வருகிறது. அதே பட்டிருப்புக் கல்வி வலயத்தின் மற்ற மாகாணப் பாடசாலைகள் மாகாணத் தலைநகர் திருகோணமலையைப் பார்த்துக் காத்திருக்கின்றன. திருகோணமலையோ நிதி ஆணைக்குழுவின் சிபாரிசையும் திறைசேரியின் மனதையும் பார்த்துக் காத்திருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் இப்படித்தான் பிரித்தது: குறித்துரைத்த சில பாடசாலைகள் கொழும்புக்கு, மிச்சமெல்லாம் மாகாணத்துக்கு. வைத்தியசாலையிலும் அதே கோடுதான். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் பொறுப்பு; மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்தியின் பொறுப்பு.

மாகாணத்துக்கு வரும் பணத்தில் சம்பளம்தான் பெரும்பங்கு. சோக்கட்டிக்கும் விஞ்ஞானகூடத்துக்கும் மிஞ்சுவதைப் பங்கிட 2000ஆம் ஆண்டளவில் கல்வித் தர உள்ளீடு என்ற முறை வந்தது. மாணவர் தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடு. சிறிய பாடசாலைக்குத் தலைக்குக் கொஞ்சம் கூடுதல். நல்ல எண்ணம், சந்தேகமில்லை. ஆனால் மழைக்காலத்தில் வெள்ளம் பாதையை மூடும் படுவான்கரைப் பாடசாலைக்கு ஆசிரியர் வந்து சேர்வதே செலவு. தலைக்கணக்கில் அந்தத் தூரம் ஏறாது.

மிச்சப் பள்ளத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நிரப்புகிறது. வசதிக் கட்டணத்துக்கு அப்பால் பெற்றோரிடம் பணம் வாங்காதே என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை வருகிறது. அதிபர் அதை வாசித்துவிட்டு, கூரை ஒழுகுவதையும் பார்க்கிறார். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பழைய மாணவர் சங்கம் உதவும். லண்டனிலும் சுவிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் கணினி அனுப்புவார்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியும் கிடையாது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பில், இப்படித்தான் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்கிறது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்று கேட்டுப் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பின்னும் அரசு அந்த அளவை எட்டவில்லை.

இவற்றையெல்லாம் மாகாணத்துக்குள்ளேயே திருத்த ஒரு வழி இருந்தது: மாகாண சபையின் நியதிச்சட்டம். வடக்கிலிருந்து பிரிந்த கிழக்குக்கு 2008 மே மாதம் முதன்முதலில் தனிச் சபை தெரிவானது. 2012 செப்டெம்பரில் இரண்டாவது. 37 உறுப்பினரில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பங்கு 11. சபை பொற்காலம் ஒன்றும் நடத்திவிடவில்லை. அமைச்சுப் பங்கீட்டில் போன நேரம் கொஞ்சமல்ல. ஆனாலும் முன்பள்ளிகளை ஒழுங்குக்குக் கொண்டுவரும் முன்பள்ளிக் கல்விப் பணியகம் மாகாண சபையின் நியதிச்சட்டத்தில்தான் உருவானது. முன்பள்ளிக்குச் செய்ததை டியூசன் வகுப்புக்கும் செய்ய முயன்றிருக்கலாம். பாடசாலைப் பணத்தில் படுவான்கரைத் தூரத்துக்கு ஒரு நிறை வைத்திருக்கலாம்.

2017 செப்டெம்பர் 30ஆம் திகதி இரண்டாவது சபையின் காலம் முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. புதிய தொகுதி எல்லை அறிக்கையை 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. தேர்தல் அந்த இடைவெளிக்குள் விழுந்தது. அதன்பின் ஆளுநரும் செயலாளர்களும் மாகாணத்தை நடத்தினர். பணம் வரும், போகும். சட்டம் மட்டும் பிறக்காது.

சபை வரும்வரை ஊர்க்காரர் கையில் மிச்சம் இருப்பது 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தன் பிள்ளையின் பாடசாலைக்கு இந்த வருடம் தர உள்ளீட்டுப் பணம் எவ்வளவு வந்தது, பக்கத்துப் பாடசாலைக்கு எவ்வளவு என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். இந்த ஆண்டு பதிவைப் புதுப்பித்த கிளினிக், லேப் எவையெவை, கடைசியாக யார் எப்போது பார்வையிட்டார் என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்க முடியாது. தமிழில் எழுதினால் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால், மேன்முறையீடு செய்ய ஒரு குறித்தளிக்கப்பட்ட அலுவலர் இருக்கிறார். அவருக்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு இருக்கிறது.