ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுவது யார்?

புற்றுநோயை ஆராய ஓர் அரசு பெருந்தொகை ஒதுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் திட்டங்களுடன் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் வைரஸை ஆராய வேண்டும் என்கிறார். இன்னொருவர் எக்ஸ் கதிர்ச் சிகிச்சையை. மூன்றாமவர் சுண்டெலிகளின் மரபுப் பண்புகளை. யாருக்குக் கொடுப்பது? அமைச்சராலும் அலுவலர்களாலும் மட்டும் தீர்மானிக்கக் கூடியதன்று இது. இங்கேதான் ஆலோசனைக் குழு வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பிறந்தபோது, அறுவர் கொண்ட ஆலோசனைக் குழுவும் உடன் பிறந்தது. வெளி ஆய்வாளருக்கு மானியம் தர அதன் ஒப்புதல் தேவைப்பட்டது. மருத்துவர்களோடு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலார் ஆர்தர் காம்ப்டன், வேதியியலார் ஜேம்ஸ் கோனன்ட், மரபியலார் கிளாரன்ஸ் லிட்டில் ஆகியோரும் அதில் இருந்தனர். புற்றுநோய் ஒரு துறைக்குள் அடங்காது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்!

1971ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தேசியப் புற்றுநோய் ஆலோசனை வாரியமாக விரிவாக்கியது. குடியரசுத் தலைவர் நியமிக்கும் 18 பேரில் அறுவர் பொதுமக்களின் சார்பில் வருபவர்கள். நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்வி ஆய்வகத்தில் எழாமல் போகலாம் அல்லவா?

விண்ணப்பங்களை இரண்டு சல்லடைகளில் சலித்தார்கள். முதலில் அத்துறை வல்லுநர்கள் ஆய்வின் அறிவியல் தரத்தை மதிப்பிடுவார்கள். பிறகு, நாட்டுக்கு அது இப்போது தேவையா என்று வாரியம் பார்க்கும். தம் சொந்த நிறுவனத்தின் விண்ணப்பம் வந்தால் உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும்.

இந்த விதி வீண் சம்பிரதாயமன்று. மேலே சொன்ன லிட்டிலையே பாருங்கள். 1954இல் அவர் சிகரெட் நிறுவனங்கள் பணம் தந்து நடத்திய ஆராய்ச்சி அமைப்பின் அறிவியல் தலைவரானார். புகைபிடித்தலால் புற்றுநோய் வருகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார். அறிவு அதேதான், பணம் வந்த இடம்தான் வேறு.

ஆகவே 1962இல் புகைபிடித்தலை ஆராயப் பத்துப் பேர் குழுவை அமைத்தபோது, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவர் லூதர் டெரி மிகவும் எச்சரிக்கையாக இருந்தார். அதுவரை பகிரங்கமாக எந்தப் பக்கமும் சாயாதவர்களையே சேர்த்தார். பெயர்ப் பட்டியல் புகையிலைத் தரப்பினருக்கும் காட்டப்பட்டது. வேண்டாதவரை நீக்கச் சொல்லும் உரிமையும் அவர்களுக்குத் தரப்பட்டது. பத்துப் பேரில் பாதிப்பேர் புகைபிடிப்பவர்கள் என்பது வேடிக்கையான செய்தி! அவர்கள் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை அலசினர். சிகரெட் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற தீர்ப்பு 1964 ஜனவரி 11ஆம் நாள் வெளிவந்தது. குழு ஒருதலைப்பட்சமானது என்று குறைகூற நிறுவனங்களுக்கு வழியில்லை. பட்டியலை அவர்களே முன்கூட்டிப் பார்த்திருந்தார்கள்.