விரலால் மறைத்த பட்டை

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு நாட்டு நடப்பு, சங்கீதம், விளையாட்டு, விஞ்ஞானம் நான்கும் தினமும் வேண்டும். எண்பதை நெருங்கும் வயதிலும் அந்த ஆர்வம் ஒரு பிடி குறையவில்லை. ஆனால் அவை அவரிடம் வந்துசேரும் விதம் தலைகீழாகிவிட்டது.

1980களில் அவருடைய நாளை நடத்தியது தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர். காலை ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வந்துவிட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சிற்றலையில் குரல் ஏறி இறங்கும். பெட்டியை ஜன்னல் கம்பியோடு ஒட்டிவைத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்த செய்தியை ஆகாசவாணி சொல்ல மாலையாகிவிட்டது. பிபிசி அதற்கு முன்பே சொல்லியிருந்தது. எந்தச் செய்தியையும் இரண்டு இடத்தில் கேட்டு ஒத்துப்பார்க்கும் பழக்கம் அவருக்கு அன்றைக்கு ஏற்பட்டது.

கிரிக்கெட் ஸ்கோர் தெரிய வேண்டுமென்றால் செய்தியின் கடைசி வரை காத்திருந்தாக வேண்டும். அதற்குள் நாடாளுமன்றம், பஞ்சாப், பெட்ரோல் விலை, மேட்டூர் அணை நீர்மட்டம் எல்லாம் காதில் விழுந்துவிடும். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத மனிதர், அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று எந்த நாளிலும் சொல்வார். 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி நாள். 348 ரன் இலக்கு. இந்தியா 347 எடுத்திருந்தபோது, ஆட்டத்தில் ஒரே ஒரு பந்து மிச்சமிருக்க மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார். ‘டை’ ஆன அந்த ஆட்டத்தைப் பற்றித் தெருத் திண்ணையில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டது என்பதால்தான் அத்தனை பேச்சு.

அவருடைய உயிர் சதுரங்கத்தில். 1995இல் நியூயார்க்கில் ஆனந்தும் காஸ்பரோவும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். நாளிதழில் அதன் நகர்த்தல்கள் எண்ணும் எழுத்துமாக வரும். பெரியப்பா பலகையை விரித்து, பேப்பரின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, அடுத்த வரியை மறைத்துக்கொள்வார். ஆனந்த் என்ன ஆடியிருப்பார் என்று யோசித்து, தன் காயை நகர்த்தி, பிறகே ஸ்கேலைக் கீழே இறக்குவார். ஒரு ஆட்டத்தை முடிக்கச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

இன்றைக்கு அவர் கையில் செல்போன். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடுவதை நேரலையில் பார்க்கிறார். 2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பார்த்தார். ஒரு சர்க்கார் வானொலியையும் ஒரு வெளிநாட்டு வானொலியையும் நம்பியிருந்த காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கக் கிடைப்பது இன்று பல மடங்கு.

கிடைக்காமல் போனது அகலம். நாலு சதுரங்க வீடியோ பார்த்தால் போதும், அப்புறம் போன் முழுக்கச் சதுரங்கம்தான். “தம்பி, எனக்குப் பிடிச்சதையே திருப்பித் திருப்பிக் கொடுக்குது. இதுல மேட்டூர் நீர்மட்டம் தானா வர மாட்டேங்குதே” என்றார் ஒருநாள். விருப்பத்துக்கு ஏற்றதை மட்டும் ஊட்டும் இந்த ஏற்பாடு, நாலும் தெரிந்த மனிதரை ஒன்று மட்டும் தெரிந்தவராக ஆக்கப் பார்க்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே பயம் உண்டு. அவருக்காவது தனக்கு எது வரவில்லை என்று தெரிகிறது. தொடக்கத்திலிருந்தே போனில் வளரும் பிள்ளைக்கு அது தெரியவே வாய்ப்பில்லை.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. நாளிதழை நிறுத்தவில்லை; டெண்டர் அறிவிப்பு வரை படிக்கிறார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய பதினான்காவது ஆட்டத்தை அவர் பார்த்ததை நான் மறக்க முடியாது. திரையோரம் ஒரு கறுப்பு-வெள்ளைப் பட்டை, யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். ஒலியையும் நிறுத்திவிட்டார். டிரா என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் யானைக்கு யானை மாற்றிக்கொள்ள முன்வந்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “யானை போனா மந்திரியும் போயிடும்டா. அப்புறம் சிப்பாய் ஜெயிச்சிடும்” என்றார். அப்படியே நடந்தது, பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

அகலத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பேத்தி லீவுக்கு வந்தால், “உன் போன்ல என்னவெல்லாம் வருது, காட்டு” என்று வாங்கிப் பார்க்கிறார். தனக்கு வராதவை அதில் வருகின்றன. கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸ் அப்படித்தான் அவருக்கு அறிமுகம். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் முதன்முறையாக ஒருநாள் உலகக் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தைத் தாத்தாவும் பேத்தியும் ஆளுக்கொரு ஊரிலிருந்து போனில் பேசிக்கொண்டே பார்த்தார்கள். இப்போதெல்லாம் பெண்கள் அணிக்கு அடுத்த மேட்ச் என்றைக்கு என்று அவர்தான் அவளுக்கு போன் போட்டுச் சொல்கிறார்.