அலைகரை இல்லாத நீர்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் சாலையில் திகனையைக் கடந்தால், மலைகளின் மடியிலே விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணிற்படும். அசைவற்ற அந்த நீலப் பரப்பைக் கண்டு மயங்காதார் இலர். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்ற நானும் மயங்கினேன். அந்த மயக்கத்துக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுத்திருப்பேன்.

அவர்களுள் ஒருவன் வன்னியிலிருந்து வந்தவன். குளத்திலே நீந்தி வளர்ந்தவன். மற்றப் பிள்ளைகள் கரையில் கால் நனைத்து நிற்க, இவன் உள்ளே நடந்தான். இரண்டடி வைத்தான். மூன்றாம் அடிக்கு நிலம் இல்லை. எதிர்பாராத வீழ்ச்சியிலே நீர் புரையேறிவிட்டது. அவன் கூவவில்லை. தலை பின்னே சாய, இரு கைகளும் நீரை அழுத்தி அழுத்தி எழ முயன்றன. விளையாடுகிறான் என்றே நான் எண்ணினேன்! மூழ்குகிறவனுக்கு மூச்சுவிடவே நேரமில்லை. கூக்குரலிட ஏது நேரம்? இதை அன்றுதான் அறிந்தேன்.

சப்பாத்தைக் கழற்றிக் குதிக்க முற்பட்டேன். "பகின்ன எப்பா, மாத்தயா!" என்று ஓர் அதட்டல் கேட்டது. இறங்க வேண்டாம் ஐயா, என்றார் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர். கயிறு கட்டிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனை அவர் எறிந்தார். பையன் பற்றிக்கொண்டான், இழுத்தோம். நான் குதித்திருந்தால் அச்சத்தில் அவன் என்னை இறுகப் பற்றியிருப்பான், இருவருமே போயிருப்போம்.

மூச்சு சீரானதும் அவன் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "அலைகரை எண்டு நினைச்சன், சேர்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வன்னிக் குளத்துக்குக் கட்டு ஒருபுறம், அலைகரை மறுபுறம். கட்டின் அருகே ஆழம். அலைகரைப் பக்கம் நிலம் மெல்ல மெல்லத் தாழும். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவே நீர். மகாவலியை மறித்து எழுந்து 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையோ 122 மீற்றர் உயரமுடையது. அது தேக்கியது சமநிலத்தை அன்று, ஒரு பள்ளத்தாக்கை. மலைச்சரிவு எத்தனை செங்குத்தோ, கரையும் அத்தனை செங்குத்து. பழைய தெல்தெனிய நகரம் அந்நீருக்குள் இருக்கிறது. நீர் வற்றும் கோடைகளில் அதன் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நீர் திறக்கப்படுவதால் மட்டம் ஏறி இறங்கும். சென்ற மாதம் நாம் நின்ற இடம் இம்மாதம் வேறு; சென்ற மாதம் ஆழத்திற் கிடந்த மதில் இன்று முழங்கால் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல். தலைகீழாய்ப் பாய்கிறவனுக்கு அது போதும்.

அமெரிக்கப் பாலைவனத்தின் மீட் ஏரியும் இவ்வினத்ததே. ஹூவர் அணை எழுந்தபின் 1938இல் செயின்ட் தாமஸ் என்ற ஊர் அதில் மூழ்கிற்று. வறட்சியில் அதுவும் வெளிப்பட்டது. அங்கே திடீரெனக் கிளம்பும் காற்று படகுகளைக் கவிழ்க்கும். நம் மலைகளிலும் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும். ஆதலின் படகேறுவோர் காலையிலேயே சென்று திரும்புதல் நன்று. மிதவை அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றே. படகில் எழுந்து நின்று புகைப்படம் எடுக்கும் பிள்ளைகளை நான் அதட்டத் தயங்குவதில்லை. கவிழ்ந்தாலோ, கரை அருகே தெரிகிறதென்று நீந்திப் புறப்படாமல் படகைப் பற்றியே கிடக்க வேண்டும். மலைநாட்டில் கரை எப்போதும் அருகில் இருப்பதுபோலவே தோன்றும்.

இன்னொன்று. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் நம்மவரிடையே இன்னும் ஒழியவில்லை. அவருக்கு வேண்டியது காற்று. மூச்சு நின்றிருந்தால் மல்லாத்திக் கிடத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பின் மார்பை அழுத்த வேண்டும். இதைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். இலக்கணத்துக்கு நான் எத்தனையோ பாடவேளைகளைச் செலவிட்டிருக்கிறேன்!

இப்போது சுற்றுலா செல்லும்போதெல்லாம் கயிறு கட்டிய வெற்றுக் கேன் ஒன்று என்னோடு பஸ்ஸில் ஏறுகிறது. தண்ணீர் இல்லாத கேனை ஏன் சேர் சுமக்கிறார் என்று புதிய மாணவர்கள் சிரிக்கிறார்கள். இறங்குமுன் அவர்களுக்கு அலைகரையின் கதையைச் சொல்கிறேன்.