அவகாடோ கொட்டை: உள்ளே வாங்க, காட்டுகிறேன்!

சதையை வழித்துச் சாப்பிட்ட பிறகு கையில் வழுக்கிக்கொண்டு நிற்குமே அந்தக் கொட்டை, அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பிளந்து பாருங்கள். பழுப்புத் தோலை நகத்தால் உரித்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்த வழியாகப் பிரித்தால் வெளிர் மஞ்சளில் இரண்டு தடித்த பருப்புகள். செடியின் முதல் சில வாரச் சாப்பாடு மொத்தமும் அவற்றுக்குள்தான்! இரண்டுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், துளியூண்டு முளை. வேரும் தண்டும் அதிலிருந்துதான் வரப்போகின்றன.

வளர்ப்பதற்கு வேறொரு முழுக் கொட்டையை எடுங்கள். கூரான முனை மேலே, தட்டையான அடிப்பக்கம் கீழே. பக்கவாட்டில் மூன்று பல்குச்சிகளைக் குத்தி, ஒரு கண்ணாடித் தம்ளரின் வாயில் உட்காரவைத்து, அடிப்பாகம் மட்டும் நனைகிற அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். நெல்லையும் கேழ்வரகையும் போலக் காயவைத்து அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்கிற விதை இல்லை இது. காய்ந்தால் செத்துப்போகும். பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு நேராகத் தண்ணீருக்குப் போக வேண்டும்.

பிறகு இரண்டிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு காலையில் பார்த்தால் கொட்டை மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருக்கும். அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஓர் ஆணிவேர் தண்ணீரைத் தேடி இறங்கும். கண்ணாடித் தம்ளர் என்பதால் எல்லாமே கண்ணெதிரே! வேர் ஓரளவு இறங்கிய பிறகுதான் மேலே தண்டு தலைகாட்டும். அரை அடி வளர்ந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாதியாக வெட்டிவிடுங்கள், அப்போதுதான் பக்கக்கிளை விடும். தண்ணீர் தேங்காத மண் தொட்டிக்கு மாற்றுவது அதற்கப்புறம்.

இந்தச் செடி என்ன பழம் தரும்? யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. காரணம் பூவில் இருக்கிறது. அவகாடோ பூ ஒவ்வொன்றும் இரண்டு முறை மலரும். முதல் முறை பெண்ணாக, மூடிக்கொண்டு மறுநாள் ஆணாக! ‘ஏ’ வகை மரங்களின் பூ முதல் நாள் காலையில் பெண், மறுநாள் மதியம் ஆண். ‘பி’ வகைக்கு முதல் நாள் மதியம் பெண், மறுநாள் காலையில் ஆண். ஒரே தோப்பில் இரண்டு வகையும் நின்றால் முறைபோட்டுக்கொண்டு ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக்கொள்ளும், நடுவில் தேனீக்களுக்கு ஓயாத வேலை. ஒரு பெரிய மரத்தில் லட்சக்கணக்கான பூக்கள் வரும். ஆயிரத்துக்கு ஒன்று காயாக நின்றாலே பெரிது. அப்படிப் பிழைத்த காய்க்குள் இருக்கும் விதை தாயின் நகல் இல்லை, புத்தம்புது மரம். காய்க்க ஐந்து வருஷமும் ஆகலாம், பத்தைத் தாண்டியும் போகலாம்.

உலகமே வாங்கித் தின்கிற ‘ஹாஸ்’ ரகம் இப்படி வந்த ஒரே ஒரு கொட்டைதான்! கலிஃபோர்னியாவின் பசடீனாவில் தபால்காரராக இருந்தவர் ருடால்ஃப் ஹாஸ். 1920களின் நடுவில் லா ஹாப்ரா ஹைட்ஸில் வாங்கிய நிலத்தில், ஒரு நர்சரிக்காரரிடம் விலைக்கு வாங்கிய கொட்டைகளை ஊன்றினார். அந்தக் கன்றுகளின்மேல் அன்றைக்குப் பெயர்பெற்ற ‘ஃபுவர்ட்டே’ ரகத்தை ஒட்டுக்கட்டுவதுதான் அவர் திட்டம். ஒரு கன்று மட்டும் எத்தனை முறை கட்டியும் ஒட்டை ஏற்கவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார். அது தன்போக்கில் வளர்ந்து, பழுத்தால் கறுக்கிற, தடித்த கரடுமுரடான தோலோடு காய்த்தது. அந்த ருசி அவருடைய பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதால் மரம் தப்பியது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. 1935இல் ஹாஸ் காப்புரிமை வாங்கினார். ஆனால் ஒரு கன்றை வாங்கியவர்கள் அதிலிருந்து குச்சி வெட்டித் தோப்பு முழுவதும் ஒட்டுக்கட்டிக்கொண்டார்கள். அவருக்கு அதில் பெரிதாகக் காசு வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. 2019இல் ஹாஸ் ரகத்தின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது சுமார் 61 சதவீதம் மெக்சிகோ இனம், மீதி குவாத்தமாலா இனம் என்று தெரிந்தது. ஆக, அந்தக் கொட்டை ஒரு கலப்பு!

தாய்மரம் வேரழுகல் நோயில் பட்டுப்போய் 2002இல் வெட்டப்பட்டது. மண்ணிலிருக்கும் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் செய்கிற வேலை அது. இதைத் தாங்க நல்ல வேர் வேண்டும். அதற்காக நர்சரியில் நடப்பதைக் கேளுங்கள், மூச்சு நின்றுவிடும்!

1970களில் கலிஃபோர்னியாவில் உருவான முறை இது. முதலில் ஒரு சாதாரணக் கொட்டையை முளைக்கவைக்கிறார்கள். அந்த முளையின்மேல், வேர் நோயைத் தாங்குகிற ரகத்தின் குச்சியை ஒட்டுக்கட்டுகிறார்கள். பிறகு செடியை அப்படியே இருட்டறைக்குள் வைத்து மூடுகிறார்கள். வெளிச்சம் தேடி அந்தக் குச்சியிலிருந்து வெளிறிய நீளத் தண்டு ஒன்று கிளம்பும். அவகாடோ குச்சியை மண்ணில் செருகினால் லேசில் வேர் விடாது, ஆனால் இருட்டில் வளர்ந்த இந்தத் தண்டு விடும்! அதைக் கீறி, மண்கலவையால் சுற்றி மூடினால் அங்கிருந்தே புது வேர். மேலே ஹாஸ் ஒட்டு. கடைசியில், இவ்வளவு நாளும் பால் கொடுத்த செவிலித்தாயைப் போல இருந்த அந்தக் கொட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். நோய் தாங்கும் வேர் ரகங்களில் பலவும், பட்டுப்போன தோப்புகளில் தப்பி நின்ற மரங்களிலிருந்து வந்தவைதான். தென்னாப்பிரிக்காவின் ‘டூசா’ அப்படிக் கிடைத்தது.

கொட்டைக்குக் கொட்டை புது மரம் வருகிற கூத்து நம் கீழ்ப்பழனி மலையிலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. காப்பித் தோட்டங்களில் காப்பிச் செடிக்குத் துணையாக நிற்கும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோவேதான்!) மரங்களில் பெரும்பாலானவை கொட்டையில் முளைத்தவை. அதனால்தான் அங்கே ஒரே கூடையில் பச்சை, ஊதா, உருண்டை, நீளக் கழுத்து என்று எல்லாம் கலந்து கிடக்கும். தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. பெயரிலேயே ஊர்!

அந்தப் பக்கம் போகும்போது ஒரு பழம் நாக்கில் நின்றுவிட்டால், எந்தத் தோட்டம், எந்த மரம் என்று விற்பவரிடம் விடாமல் கேளுங்கள். அதே ருசி வேண்டுமானால் அந்த மரத்துக் குச்சியில் கட்டிய ஒட்டுக்கன்றுதான் வழி. கொட்டையையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள், வீடு வந்து சேரும்வரை காயவிடாமல்!