திரையில் இயங்கும் மின்சுற்று: ஒரு பொழுதுபோக்கு மென்பொருள் கற்பிக்கும் பாடம்

கணினி எத்துணை சிக்கலான பணியைச் செய்தாலும் அதன் உள்ளே நிகழ்வது 0, 1 எனும் இரு நிலைகளின் மாற்றமே. ஆங்கிலக் கணிதவியலாளர் ஜோர்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில் தர்க்க சிந்தனையை இயற்கணிதமாக எழுத முடியும் எனக் காட்டினார். அவ்வியற்கணிதம் மின் ஆளிகளாலான சுற்றுக்களுக்கும் பொருந்தும் என்பதை அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மாணவராக இருந்த கிளாட் ஷனொன் 1937இல் தமது முதுமாணி ஆய்வில் நிறுவினார். இன்றைய இலக்கமுறைச் சுற்றுக்கள் அனைத்தும் இவ்விரு சிந்தனைகளின் வழிவந்தவையே. எமது நாட்டில் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியலையோ தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையோ பயிலும் மாணவர்கள் தர்க்கப் படலைகள் என்ற பெயரில் இவற்றையே கற்கின்றனர்.

எனினும், உண்மை அட்டவணையைத் தாளில் எழுதுவது வேறு, சுற்று இயங்குவதைக் காண்பது வேறு. 7400 என்ற இலக்கமுடைய சில்லில் நான்கு 'நன்ட்' படலைகள் உள்ளன. அதனை இயக்க 5 வோல்ற்று மின்வழங்கல், இணைப்புப் பலகை, கம்பிகள், ஒளிகாலும் இருவாயிகள் முதலியன வேண்டும். இவ்வசதிகள் எல்லாப் பாடசாலைகளுக்கும் கிட்டுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே சுற்றுக்களைக் கணினித் திரையில் வரைந்து இயக்கிப் பார்க்கும் போலச்செய்தல் மென்பொருட்கள் உருவாயின. இவற்றுட் பல, பெரும் நிறுவனங்களின் உற்பத்திகளல்ல. ஆசிரியர்களும் ஆர்வலர்களும் ஓய்வு நேரத்தில் எழுதியவை என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய மென்பொருளை எழுத முற்படும் ஒருவர் முதலில் வேலை இலகுவானது என்றே எண்ணுவார். படலைக்கு ஒரு செயற்கூறு, கம்பிக்கு ஒரு பெறுமானம். உள்ளீடு மாறினால் படலை தன் வெளியீட்டைக் கணித்து அடுத்த படலையை அழைக்கும். கூட்டற் சுற்றுப் போன்றவற்றுக்கு இம்முறை போதுமானது. ஆனால் வெளியீடு மீண்டும் உள்ளீட்டுக்கே திரும்பும் சுற்றில் படலைகள் ஒன்றையொன்று முடிவின்றி அழைக்கக்கூடும். அவ்வேளையில் நினைவகம் நிரம்பி மென்பொருள் நின்றுவிடும். எண்ணி, பதிவகம் ஆகியன பின்னூட்டமுள்ள சுற்றுக்களே என்பதால் இதனைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

இதற்குரிய தீர்வு, நிகழ்வு வரிசை எனும் முறையாகும். ஒரு கம்பியின் பெறுமானம் மாறும்போது அதனோடு இணைந்த படலைகள் மாத்திரம் மீளக் கணிக்கப்படும். வெளியீடு மாறுமாயின், 'இத்தனை அலகு நேரத்தின் பின் இக்கம்பி இப்பெறுமானத்தை அடையும்' என்ற குறிப்பு வரிசையில் சேர்க்கப்படும். நேரத்தால் முந்திய குறிப்பே முதலில் எடுக்கப்படும். வரிசை வெறுமையானால் சுற்று அமைதியடைந்துவிட்டது எனக் கொள்ளலாம். மாறாத பகுதிகளைத் தொடாமையால் வேகம் கூடுகின்றது. அத்துடன் நேரம் எனும் அம்சமும் மென்பொருளினுள் நுழைகின்றது.

நேரம் ஏன் முக்கியம்? ஓர் உள்ளீட்டையும் 'நொட்' படலையால் தலைகீழாக்கப்பட்ட அதே உள்ளீட்டையும் 'அன்ட்' படலைக்குக் கொடுப்போம். பூலின் இயற்கணிதப்படி விடை எப்போதும் 0. ஆனால் உண்மையான 'நொட்' படலைக்குத் தன் வெளியீட்டை மாற்றச் சிறிதளவு நேரமாவது தேவை. உள்ளீடு 0இலிருந்து 1க்கு மாறும் அக்கணத்தில் 'அன்ட்' படலை இரு 1களைக் காண்பதால் ஒரு குறுந்துடிப்பு வெளிவரலாம். எண்ணியொன்று அத்துடிப்பையும் எண்ணிவிட்டால் விடை பிழைக்கும். தாமதத்தைக் கணக்கில் எடுக்காத மென்பொருள் இக்குறையை ஒருபோதும் காட்டாது.

இதனிலும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. இரு 'நோர்' படலைகளைக் குறுக்காக இணைத்தால் ஒரு பிற்றைச் சேமிக்கும் எழு-விழுச் சுற்றுக் கிடைக்கும். எல்லாக் கம்பிகளும் 0 என்ற நிலையில் இதனை ஆரம்பித்து, இரு படலைகளுக்கும் ஒரே தாமதத்தைக் கொடுத்தால், இரண்டும் ஒருசேர 1 ஆகும். பின் ஒருசேர 0 ஆகும். இவ்வாறே முடிவின்றி ஊசலாடும். உண்மைச் சுற்றிலோ இரு படலைகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்று சற்று முந்திக்கொள்ள, சுற்று ஏதேனும் ஒரு நிலையில் தங்கிவிடும். குறையற்ற சமச்சீரே இங்கு குறையாகின்றது!

அமெரிக்கக் கல்லூரி ஆசிரியராக இருந்த கார்ல் பேர்ச் எழுதிய 'லொஜிசிம்' மென்பொருள், மாற்றங்கள் 1000 சுற்றுக்களைக் கடந்தும் ஓயாவிடின் ஊசலாட்டம் என அறிவித்து நின்றுவிடும். தாமதங்களில் எழுமாறான சிறு வேறுபாட்டைச் சேர்க்கும் தெரிவும் அதில் உண்டு. ஜேர்மனியில் கற்பிக்கும் ஹெல்முட் நீமன் 2016இல் எழுதத் தொடங்கிய 'டிஜிட்டல்' எனும் மென்பொருளோ, ஆரம்பத்தில் படலைகளை எழுமாறான ஒழுங்கில் கணித்துச் சுற்றைத் தங்கச் செய்கின்றது. இயற்கையின் ஒழுங்கின்மையைப் போலச்செய்ய வேண்டியிருப்பது சிந்தனைக்குரியது.

லொஜிசிம்மின் வரலாறு மற்றுமொரு பாடத்தையும் தருகின்றது. 2000களின் தொடக்கத்தில் தோன்றிய இம்மென்பொருள் 0 நிலையிலுள்ள கம்பியைக் கரும்பச்சையாகவும், 1 நிலையிலுள்ளதை ஒளிர்பச்சையாகவும், முரண்பட்ட பெறுமானங்கள் மோதும் கம்பியைச் சிவப்பாகவும் காட்டி மாணவர்க்கு வழிகாட்டியது. பல நாடுகளின் வகுப்பறைகளை அடைந்த அதன் இறுதிப் பதிப்பு 2011இல் வெளியானது. 2014இல் பேர்ச் தமது பணியை நிறுத்துவதாக அறிவித்தார். தனியொருவரின் ஓய்வு நேரத்தில் தங்கியிருந்த கருவி அத்துடன் மறைந்திருக்கலாம். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், மூல நிரலை எவரும் பெற்றுத் திருத்திப் பகிரலாம் என்ற உரிமத்தின் கீழ் அது வெளியிடப்பட்டிருந்தமையே. அந்நிரலிலிருந்து கிளைத்த 'லொஜிசிம் எவொலூஷன்' தொடர்ந்து வளர்க்கப்பட்டு வருகின்றது.

வளங்குறைந்த பாடசாலைகளுக்கு இச்செய்தி முக்கியமானது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருட்கள் யாவும் நிலைத்து நிற்பவையல்ல. இன்று இலவசமாக வழங்கும் நிறுவனம் நாளை கட்டணம் கேட்கலாம், தனியொருவர் களைத்துப்போகலாம். மூல நிரல் திறந்திருப்பின் பணியை மற்றொருவர் தொடர வழியுண்டு. ஆகவே ஆசிரியர்கள் கருவியைத் தெரிவுசெய்யும்போது விலையை மட்டுமன்றி உரிமத்தையும் நோக்குதல் நன்று.

திரையில் இயங்கும் சுற்று, கையில் இயங்கும் சுற்றுக்கு முழுமையான ஈடாகாது. தளர்ந்த இணைப்பையும் சூடேறும் சில்லையும் மென்பொருள் உணர்த்தாது. ஆயினும் ஆய்வுகூடம் இல்லாத மாணவருக்கு அது முதற்படி. நிரலாக்கம் அறிந்த மாணவர் ஒருவர் இத்தகைய மென்பொருளைத் தாமே எழுத முற்படுவாராயின் பயன் இன்னும் பெரிது. பிறர் எழுதியதைப் பாவிப்பவர் படலை என்ன செய்கின்றது என்பதை அறிவார். எழுதுபவரோ, அது எப்போது செய்கின்றது என்பதையும் அறிந்துகொள்வார்.