சந்திரனுக்குப் போன எழுத்து! வரைந்தவரோ கைதானார்!!

புதுச்சேரி கடற்கரைப் பக்கம் தெருமுனைகளில் நீலத் தகட்டில் பிரெஞ்சும் தமிழுமாகப் பெயர் எழுதியிருக்கும். அப்படியே நேரு வீதிக்கு வந்து கடை போர்டுகளைப் பாருங்கள். பல போர்டுகளில் இங்கிலீஷ் எழுத்து மொட்டையாக நிற்கும். நுனியில் குஞ்சம் கிடையாது. 'ஓ' என்றால் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம்!

"அட, இதிலே என்ன இருக்கு?" என்பீர்கள். இதற்குப் பின்னால் ஒரு கைது சம்பவமே இருக்கிறது.

இந்த ரகத்தில் பேர்போனது 'பியூச்சரா'. வரைந்தவர் ஜெர்மனிக்காரர் பால் ரென்னர். 1927-ல் பிராங்பர்ட் நகரத்து பாவர் கம்பெனி வெளியிட்டது. பிரான்சில் இதே எழுத்து 'யூரோப்' என்ற பெயரில் விற்பனையானது.

வேலையும் போச்சு

ஹிட்லர் கட்சியைக் கண்டித்து எழுதியிருந்த ரென்னர் 1933-ல் கைதானார். மூனிச் அச்சுப் பள்ளி வேலையும் பறிபோனது. எழுத்தை மட்டும் யாராலும் அடைத்து வைக்க முடியவில்லை. 1969-ல் அமெரிக்கர்கள் சந்திரனில் விட்டுவந்த தகட்டில் இருப்பது இதே எழுத்துதான்!

தமிழுக்கு என்ன வழி?

தமிழுக்கு வெறும் வட்டம் போதாது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். கோடு தடித்தால் சுழி அடைபட்டு, தூரத்தில் 'மனம்' எது, 'மணம்' எது என்றே தெரியாது.

தமிழும் இங்கிலீஷும் ஜோடியாக, சீரான கோட்டில் பிரியா ரவிச்சந்திரன் வரைந்த எழுத்து 'கேட்டமரான்'. நம்ம கட்டுமரம்தான்! 9 பருமன்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

போர்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும் கடைக்காரர்களே! எதிர்ச்சாரியில் நின்று சுழி தெரிகிறதா என்று பாருங்கள். பாக்கிப் பணம் அப்புறம் கொடுக்கலாம்!